மூன்றாவது முத்திரை

வியாழக்கிழமை காலை பையின் ஜிப்பைத் திறந்து வாளை வெளியே எடுத்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம் அல்ல, கூச்சம். யாருடைய பொருளையோ தெரியாமல் தொட்டுவிட்டது போல இருந்தது. கைப்பிடி மஞ்சளாக மின்னியது. என் வாளின் கைப்பிடி மின்னாது. இருநூறு வருஷத்துப் பித்தளை அது, கறுத்துப் பழுத்து பனங்கட்டி நிறத்தில் இருக்கும். அந்த நிறத்துக்காகவே அதை வாங்கினேன்.

கூச்சம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அடுத்து லெஸ்லி அண்ணையின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. ஒரு மாதமாக வாள் அவரிடம்தான் இருந்தது.

என் பெயர் நகுலேஸ்வரி. வீடு மோர்டனில். ஓர் ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் கருவிகளைக் கிருமி நீக்கி அடுக்கும் பிரிவில் பதினெட்டு வருஷமாக வேலை. ஆயிரம் கத்தரிக்கோலுக்குள் ஒன்று வேறு பெட்டியைச் சேர்ந்ததென்றால் என் கண் பிடித்துவிடும். உலோகத்தைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. இது திமிர்தான், மறைக்கவில்லை. பழைய ஐரோப்பிய வாள்களைச் சேர்க்கும் பைத்தியம் எனக்குப் பிடித்ததும் இந்தத் திமிரால்தான்.

இந்த வாள் நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுக் காலாட்படை வீரனுடையது. குட்டையாக, லேசாக வளைந்து, கைப்பிடி முழுவதும் ஒரே வார்ப்பாக இருக்கும். இதற்குப் போலிகள் ஏராளம். அசலை அடையாளம் காண இரண்டு விஷயங்களைப் பார்ப்போம். ஒன்று, பித்தளையில் படிந்திருக்கும் அந்தக் கறுப்பு. மற்றது, வாளைச் சோதித்த அதிகாரிகள் அடித்துவிட்ட பயறளவு முத்திரைகள். என் வாளில் மூன்று முத்திரைகள். மூன்றாவது ஒரு மூலையில், மிகவும் தேய்ந்துபோய் இருந்தது. அது 'பி' என்ற எழுத்து என்று நான் சொல்வேன். லெஸ்லி அண்ணை கண்ணாடியைக் கழற்றி, திரும்பப் போட்டு, "அது முத்திரையில்லை தங்கச்சி, ஊத்தை" என்பார். இரண்டு வருஷமாக இந்தச் சண்டை.

எங்கள் குழுவில் ஒன்பது பேர். மாதத்தில் ஒரு ஞாயிறு பார்க்கிங் என்ற ஊரில் ஒரு மண்டபத்தில் கூடுவோம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் தன் பொருளை இன்னொருவரிடம் ஒரு மாதத்துக்குக் கொடுக்க வேண்டும். அவர் வீட்டில் வைத்து ஆராய்ந்து, சொந்தக்காரர் சொல்வது சரியா பிழையா என்று எழுதி, பொருளோடு திருப்பித் தரவேண்டும். ரசீது இல்லை, கையெழுத்து இல்லை. ஒரே ஒரு சட்டம்தான்: மினுக்கக் கூடாது. மினுக்கினால் பொருளின் வயதே போய்விடும்.

அந்த வழக்கப்படிதான் வாளை லெஸ்லி அண்ணையிடம் கொடுத்திருந்தேன். அவருக்கு எழுபத்தொரு வயது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், ரெய்னர்ஸ் லேனில் தனியாக இருக்கிறார். பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு ஆயுதச் சந்தையில் இரண்டு பேரும் ஒரே வாளுக்குக் கை நீட்டினோம். "நீர் எடும் தங்கச்சி" என்று விட்டுக்கொடுத்தார். கூடப்பிறந்த அண்ணன் எனக்கு இல்லை. அன்றிலிருந்து இவர்தான் அண்ணை.

அப்படிப்பட்டவரையா சந்தேகித்தாய் என்று கேட்கலாம். சந்தேகம் வந்தால் எல்லாமே அதற்குத் தோதாக வந்து நிற்கிறது. அவர் வாளைக் கொண்டுவந்து கொடுத்தது செவ்வாய்க்கிழமை, நான் ஷிப்டில் இருந்த நேரம். என் கணவர் சபாரத்தினம்தான் வாசலில் வாங்கினார். "தேத்தண்ணி குடிக்கச் சொன்னன், நிக்காமல் ஓடிட்டார்" என்றார். லெஸ்லி அண்ணை எங்கள் வீட்டில் தேநீர் குடிக்காமல் போனதாகச் சரித்திரமே இல்லை. போனில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: "வாள் குடுத்திட்டன். ஆறுதலாய்ப் பாரும்." ஏன் ஆறுதலாக, அவசரமில்லாமல்? பையில் அவர் எழுதித் தரவேண்டிய குறிப்பும் இல்லை. போதாததற்கு, அவரிடமும் இதே மாதிரி வாள் ஒன்று இருக்கிறது.

புதன்கிழமையும் எனக்கு நீண்ட ஷிப்ட். அதனால் வியாழன்தான் பையைத் திறந்தேன். சமையலறை மேசையில் வாளை வைத்து, டோர்ச் அடித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். அலகில் இருந்த கறுப்புப் புள்ளிகளைக் காணவில்லை. முதல் முத்திரை இருந்தது, இரண்டாவது இருந்தது, மூன்றாவது இல்லை. அந்த மூலை குழந்தையின் கன்னம் போல வழவழவென்று இருந்தது. நீளத்தை அளந்தேன், சரியாக இருந்தது. அலகின் நடுவில் என் வாளில் இருந்த அதே வெட்டும் இருந்தது. நியாயமாக அந்த இடத்தில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். நான் யோசித்தது வேறு: ஒரு மாதம் கையில் வைத்திருந்தவனுக்கு ஒரு வெட்டைப் போட எவ்வளவு நேரம் பிடிக்கும்?

கதவைச் சாத்திவிட்டு அவருக்குப் போன் எடுத்தேன்.

"லெஸ்லி அண்ணை, என்ரை வாளுக்கு என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லையே. ஏன்?"

"கைப்பிடி மினுங்குது. மூண்டாவது முத்திரையைக் காணேல்லை."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"மினுங்குதோ? அது மினுங்க ஏலாதே, தங்கச்சி."

"குறிப்பு எங்கை? ஏன் வைக்கேல்லை?"

"அது... அந்த முத்திரையைப் பற்றி நேரை கதைப்பம் எண்டு விட்டனான்."

"உங்களிட்டையும் இதே மாதிரி ஒண்டு கிடக்கெல்லே?"

மெதுவாக, "ஓம், கிடக்கு. நான் ஒருக்காப் பாத்திட்டுச் சொல்லுறன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவர் என்மேல் பாய்ந்து விழுந்திருந்தால் நம்பியிருப்பேன். குற்றமில்லாதவன் இவ்வளவு அடங்கிப் பேசுவானா என்றுதான் எனக்குத் தோன்றியது. மத்தியானம்வரை காத்திருந்தேன், அழைப்பு வரவில்லை. பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "கைமாறிப் போய்த் திரும்பி வந்தது என் வாள் அல்ல" என்று குழுவின் வாட்ஸப்பில் போட்டேன்.

பத்து நிமிஷத்தில் எங்கள் செயலாளர் பெனிற்றா அழைத்தாள்.

"நகுலாக்கா, இதைப் போட முதல் யோசிச்சனீங்களோ?"

"நான் ஒருத்தற்ரை பெயரையும் போடேல்லை."

"போடத் தேவையில்லை அக்கா. இந்த மாதம் ஆர் வைச்சிருந்தது எண்டு எல்லாருக்கும் தெரியும். ஒருத்தர் தன்ரை பழைய பட்டாள ஹெல்மெட்டை லெஸ்லி அங்கிளிட்டைக் குடுத்தவர். நாளைக்கே திருப்பித் தரட்டாம்."

எனக்குக் கொஞ்சம் உறைத்தது. கொஞ்சம்தான். என் வாள் போனதற்கு யார் அழுதார்கள் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை முழுவதும் லெஸ்லி அண்ணை ஒரு வார்த்தை எழுதவில்லை. அவருடைய அந்த மௌனத்தையும் நான் ஆதாரக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

என் கணவரிடம் இதில் எதையும் சொல்லவில்லை. அவர் கவுன்சிலில் பார்க்கிங் டிக்கெட் எழுதுகிறவர். என் வாள்களுக்கு அவர் வைத்த பெயர் "இரும்புக்கடை". முப்பது வருஷ வாழ்க்கையில் ஒரு வாளைக்கூட அவர் கையால் தொட்டதில்லை என்றுதான் சனிக்கிழமை காலைவரை நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை மேசையில் வாளும் டோர்ச்சுமாக நான் இருந்தபோது அவர் இரண்டு கோப்பை தேநீரோடு வந்தார். ஒன்றை என் முன்னால் வைத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"என்ன, பிடிச்சிருக்கோ?"

"எது?"

"மூண்டு நாளாய் அதைப் பிரட்டிப் பிரட்டிப் பாக்கிறீர், ஒரு வார்த்தை சொல்லுறீரில்லை. எவ்வளவு நேரம் உரஞ்சினனான் தெரியுமே? குத்துவிளக்குக்குக் கரைச்ச புளி மிஞ்சிக் கிடந்தது. அலகுக்குக் கம்பிப் பஞ்சு போட்டனான்."

டோர்ச்சை அணைத்து மேசையில் வைத்தேன். அவரே தொடர்ந்தார்.

"புதன்கிழமை சரஸ்வதி பூசையெல்லே. நீர் வேலைக்குப் போயிட்டீர். என்ரை டிக்கெட் மெஷினைச் சாமிக்கு முன்னாலை வைச்சன். உம்மடை ஆயுதம் இதுதானே எண்டு இதையும் துலக்கி, பூ வைச்சு, பக்கத்திலை வைச்சன். நீர் பாத்துச் சந்தோசப்படுவீர் எண்டுதான் ஒண்டும் சொல்லாமல் பையிலை வைச்சனான்."

"புளி போட்டு உரஞ்சினியளோ?"

"ஓம். ஏன், பிழையோ?"

உண்மையைச் சொல்கிறேன், முதலில் நினைத்தது வாள் போய்விட்டதே என்றுதான். லெஸ்லி அண்ணை இரண்டாவதாகத்தான் ஞாபகத்துக்கு வந்தார். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. அந்த மூலையைத் திரும்பப் பார்த்தேன். அடித்த முத்திரை புளிக்குக் கரையாது. இரண்டு வருஷமாக நான் 'பி' என்று வாசித்தது வெறும் ஊத்தை. அதை என் முகத்துக்கு நேரே எழுதித் தர மனமில்லாமல்தான் அந்த மனுஷன் குறிப்பு வைக்காமல் விட்டிருக்கிறார்.

"அண்டைக்கு லெஸ்லி அண்ணை ஏன் நிக்காமல் போனவர்?" என்று கேட்டேன்.

"காரை நிப்பாட்டக் கூடாத இரட்டை மஞ்சள் கோட்டிலை விட்டிட்டு வந்தவர், தேத்தண்ணிக்குக் கூப்பிட்ட பிறகுதான் சொன்னவர். நான்தான், என்ரை ஆக்கள் டிக்கெட் எழுதிப்போடுவாங்கள், ஓடுங்கோ எண்டு கலைச்சன்."

கணவரை ஏச நினைத்தேன். ஆனால் கையில் கோப்பையோடு, பரிசு கிடைக்கும் என்று நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்ற ஆளை என்னவென்று ஏசுவது? "வடிவாய்த்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். போனில் சொல்லித் தப்பிக்கிற விஷயம் இல்லை இது.

லெஸ்டர் ஸ்குவயரில் ரயில் மாறி ரெய்னர்ஸ் லேன் போய்ச்சேர ஒன்றரை மணி நேரம். வழியெல்லாம் அவர் என்னென்ன சொல்லித் திட்டுவார் என்று நானே எனக்குள் பேசிப் பார்த்துக்கொண்டேன். எல்லாம் நியாயமாகவே இருந்தன. வாசலிலேயே கதவைச் சாத்தினாலும் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் திரும்புவது என்று முடிவு செய்திருந்தேன்.

கதவைத் திறந்தவர் சவரம் செய்திருக்கவில்லை. தினமும் சவரம் செய்கிற மனுஷன்.

"வாரும் தங்கச்சி. நானே வர இருந்தன்."

முன்னறை மேசையில் அவருடைய வாள்கள் எல்லாம் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் எது எதுவென்று எழுதி நூலில் கட்டிய துண்டுக் காகிதம். நடுவில் அவருடைய பிரெஞ்சு வாள். நான் குழுவில் போட்ட படங்களைப் பெரிதாகப் பிரின்ட் எடுத்து அதன் பக்கத்தில் வைத்திருந்தார்.

"லெஸ்லி அண்ணை, நான் ஒண்டு சொல்லோணும்..."

"பொறும். நான் சொல்லி முடிக்கிறன். என்ரையை உமக்குத் தந்திட்டனோ எண்டு பாத்தால், என்ரை இஞ்சை கிடக்கு. உம்மடையைக் காணேல்லை. மேலை தேடினன், கராஜிலை தேடினன், கட்டிலுக்குக் கீழையும் பாத்தன். உம்மடை கண் பிழைக்காது. நீர் மாறிப்போச்சு எண்டால் மாறித்தான் இருக்கும். நான்தான் எங்கையோ வைச்சிட்டு, வேறை எதையோ கொண்டுவந்து தந்திருக்கிறன். ஆனால் எனக்கு அது கொஞ்சமும் நினைவில்லை."

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மாவுக்கும் இந்த வயசிலைதான் துவங்கினது. கடைசியிலை என்னையே ஆர் எண்டு கேட்டவ. செவ்வாய்க்கிழமை டொக்டரிட்டைப் போறன், ஞாபகம் பாக்கிற சோதனைக்கு. அந்த ஹெல்மெட்டைத் திருப்பிக் குடுத்திட்டன். இனி என்னட்டை ஒருத்தரும் ஒண்டும் தரவேண்டாம் எண்டு பெனிற்றாவுக்கும் சொல்லிப்போட்டன்."

நான் அவரிடம் கள்ளனைத் தேடிய மூன்று நாளும் அவர் தனக்குள் அம்மாவின் மறதி நோயைத் தேடியிருக்கிறார். என்னை ஒரு நொடிகூட அவர் சந்தேகிக்கவில்லை. பூசி மெழுகாமல் எல்லாவற்றையும் சொன்னேன். குத்துவிளக்கு, புளி, கம்பிப் பஞ்சு, டிக்கெட் மெஷின், ஊத்தை. உங்களைக் கள்ளன் என்று நினைத்தேன் என்பதையும் சொன்னேன்.

அவர் மெதுவாக நாற்காலியில் அமர்ந்தார். கள்ளன் என்ற சொல் அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"அப்ப நான் ஒண்டையும் மறக்கேல்லை?"

"இல்லை அண்ணை."

"தெளிவாய்ச் சொல்லும்."

"என்ரை வாளை எப்பிடி வாங்கினீங்களோ அப்பிடியே கொண்டுவந்து தந்தனீங்கள். நீங்கள் ஒண்டையும் மறக்கேல்லை. பிழை முழுக்க என்ரை."

இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அவர் அழுதார். நான் பக்கத்தில் நின்றேன், தொடுவதற்குத் தைரியம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இவ்வளவு தூரம் வந்து சொன்னதுக்குப் பெரிய நன்றி, தங்கச்சி" என்றார்.