கோடு விழுந்த திரை

பிரபா ஸ்கூட்டியை நிறுத்துவதற்குள் கனகா வாசலுக்கு ஓடி வந்துவிட்டாள்.

"ஆஃப் மட்டும் பண்ணிடாதம்மா. சூளைக்குள்ள ஐந்நூறு கிளி இருக்குது."

செராமிக் பேட்டையில் கனகாவுடையது சின்னப் பட்டறை. அவளுடைய மின்சூளையை ஒரு பழைய கம்ப்யூட்டர்தான் ஓட்டியது. எவ்வளவு சூடு ஏற வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதிலிருந்த புரோகிராமின் கையில். புது மிஷின் எதிலும் அந்தப் புரோகிராம் ஏறவில்லை. விடியற்காலையில் சூளை போட்டிருந்தாள். உள்ளே இருந்தவை ஒரு பள்ளிக்கூட விழாவுக்கான பீங்கான் கிளிகள். முதன்முறையாகத் தானே கலந்த பச்சையை அவற்றுக்குப் பூசியிருந்தாள். பதினோரு மணிக்குத் திரையில் கோடு விழ ஆரம்பித்தது. உடனே ஜங்ஷன் ரோட்டில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பிரபாவுக்குப் போன் போட்டாள்.

பிரபா திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஊதாவும் ஆரஞ்சுமாகக் கோடுகள் மேலிருந்து வழிந்தன. எண்கள் இருந்த இடத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் மீன்குஞ்சுகளாகத் துள்ளின. ஜன்னல் வெயிலில் வெள்ளை மண்தூசி மிதந்துகொண்டிருந்தது. குளத்துக்கு அடியில் உட்கார்ந்திருப்பதுபோல அவளுக்கு ஒரு கிறக்கம்.

"போயிடுச்சா?" என்றாள் கனகா.

"இருங்கக்கா."

நம்லாக்கைத் தட்டினாள். கீபோர்டு மூலையில் அந்தப் பட்டனுக்கான சின்ன விளக்கு எரிந்தது, மறுபடி தட்ட அணைந்தது. "உள்ள உசுரு இருக்குது. மிஷின் அது வேலைய பாத்துக்கிட்டுதான் இருக்குது."

மானிட்டர் கேபிளைப் பிடுங்கினாள். சிக்னல் இல்லை என்று சொல்லும் சின்னப் பெட்டி திரையில் ஒரு கோடுகூட இல்லாமல் சுத்தமாக வந்தது. அப்படியானால் மானிட்டரில் குற்றமில்லை. தான் கொண்டுவந்த கேபிளைச் செருகியதும் கோடுகள் திரும்ப வந்தன. கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி டார்ச் அடித்தாள். கிராபிக்ஸ் கார்டின் குட்டி விசிறி நின்றுபோயிருந்தது. அதன்மேல் மண்தூசி மாவாக அப்பியிருந்தது. இரண்டு கபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது.

"படம் காட்டுற கார்டுதாங்க்கா. சூட்டுல தவிக்குது. ஆஃப் பண்ணாம மாத்த முடியாது."

"ஆஃப் பண்ணா சூளை நின்னுடுமே!"

"அப்ப பாக்காமலே ஓட்டுவோம். ரீடிங் பிரின்ட் எடுப்பீங்கல்ல? எந்த பட்டன்?"

"எஃப் செவன். அப்புறம் என்டர்."

பிரபா அமுக்கினாள். மூலையிலிருந்த பழைய பிரின்டர் கரகரவென்று ஒரு வரி அடித்தது: 864 டிகிரி. கனகா அந்தத் தாளைக் கிழித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

டேபிள் ஃபேனை இழுத்துவந்து கார்டைப் பார்க்கத் திருப்பினார்கள். கோடுகள் மெலிந்தன. நடுநடுவே ஒரு எண் தெரிந்து, பிறகு நிறங்களுக்குள் முங்கியது. கால் மணிக்கொரு தரம் பிரின்ட் எடுத்தார்கள். சூளையின் ரீங்காரம் ஒரே சுரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. மண்மூட்டையில் சாய்ந்த பிரபா, கண் திறந்தபடியே எங்கோ போய்வந்தாள்.

"இந்தப் பச்ச வரலன்னா, கடைசி வரைக்கும் வெள்ளையாவே சுட்டுக்கிட்டு கெடப்பேன்," என்றாள் கனகா, யாரிடமோ சொல்வதுபோல்.

"ஏங்க்கா அப்டி?"

"இன்னொரு தரம் தைரியம் வராதும்மா."

நாலரைக்குத் திரை மொத்தமாகக் கறுத்தது. கனகா பிரபாவின் தோளை இறுக்கிப் பிடித்தாள். பிரபா நம்லாக்கைத் தட்டினாள். விளக்கு எரிந்தது. இருவரும் அந்தப் பொட்டுப் பச்சை வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சுவிட்ச் பெட்டியில் டக்கென்று ஒரு சத்தம். ரீங்காரம் நின்றது. பிரபா கடைசியாக ஒரு வரி எடுத்தாள்: 1200 டிகிரி, முடிந்தது.

அதற்குப் பிறகே கம்ப்யூட்டரை அணைத்து கார்டைப் பிடுங்கினாள்.

மறுநாள் காலை, ஆறிய சூளையைத் திறந்தார்கள். ஏழு கிளிகளில் விரிசல். மற்றவையெல்லாம் அவள் நினைத்த பச்சையாக இல்லாமல், கொஞ்சம் நீலம் கலந்து மழைத்தண்ணீர் நிறத்தில் வந்திருந்தன. கனகா ஒன்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "நான் நெனச்சத விட நல்லாருக்குதும்மா," என்றாள்.

பிரபா தன் கடைக் குவியலில் தேடியெடுத்த அதேமாதிரி கார்டைச் செருகிக் கம்ப்யூட்டரைப் போட்டாள். திரை கண்ணாடியாகத் தெளிந்தது. மூலையில் தேதி மட்டும் 2002 ஜனவரி ஒன்று என்றிருந்தது.

"பேட்டரி செத்துப்போச்சுங்க. தேதி ஆரம்பத்துக்குப் போயிடுச்சு."

"அப்ப எனக்கு கல்யாணமே ஆவல," என்றாள் கனகா.

"நான் ஒண்ணாவது படிச்சிட்டிருந்தேங்க்கா."

தேதியை மாற்றப்போன பிரபாவின் கையைக் கனகா தடுத்தாள். "டீ சொல்லியிருக்கேன். குடிச்சிட்டு மாத்திக்கலாம்."

இருவரும் நாற்காலிகளை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்கள்.