ஏழாவது துளை

முக்கூடலில் பஸ் ஏறியதிலிருந்து அந்தக் காகிதத்தை நான்கு தடவை எண்ணிவிட்டேன். பதினொரு டேப் துண்டுகள்தான். பன்னிரண்டு இருக்க வேண்டும்.

எங்கள் கூடத்தில் சோதிக்கும் எஞ்சினின் உள்சுவரில் அழுத்தம் அளக்கப் பன்னிரண்டு ஊசித்துளைகள் உண்டு. தூசி போகாமல் ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு டேப் ஒட்டுவேன். சோதனைக்கு முன் ஒவ்வொன்றாக உரித்து, எண் போட்ட காகிதத்தில் ஒட்டிக் கையெழுத்துப் போடுவேன். எட்டு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. நேற்று ஆறாவதை உரித்தபோது, வாசலில் தேங்காய் உடைத்துவிட்டுத் திருநீறு வாங்கக் கூப்பிட்டார்கள். பூசிக்கொண்டு வந்து ஏழிலிருந்து தொடங்கினேனா, எட்டிலிருந்தா? நாசமாய்ப் போன மறதி. பார்க்காமலே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். மாலையில் கோப்பில் வைக்கும்போதுதான் ஏழாவது கட்டம் காலியென்று தெரிந்தது. யாரும் பார்ப்பதற்குள் பையில் போட்டுக்கொண்டேன்.

இந்த எஞ்சினில் சுழலும் தகடு ஒன்றும் கிடையாது. ஒலியைவிட ஆறு மடங்கு வேகத்தில் காற்று உள்ளே வரும். அது பின்பக்கம் வெளியேறுவதற்குள் எரிபொருள் எரிந்தாக வேண்டும். நேற்று ஏழாவது துளையில் அழுத்தம் ஏறவில்லை. அங்கே தீ பிடிக்கவில்லை என்று முடிவுகட்டிவிட்டார்கள். எரிபொருள் தெளிப்பான் எங்கள் எஞ்சினியர் சிவகணேஷ் சார் வடிவமைத்தது, நாலு வருஷ உழைப்பு. இன்று பதினொரு மணிக் கூட்டத்தில் அதைக் கைவிடப் போகிறார்களாம். டேப் கருகி அதன் பசை துளையை அடைத்திருந்தால், தீ பிடித்திருந்தாலும் அழுத்தம் தெரியாது. வாய் திறந்தால் என் ஒப்பந்த வேலை போகும். பஸ் எங்கே நின்றாலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்றிருந்தது.

சோதனைக்கூட வாசலில் சிவகணேஷ் சாரைப் பிடித்துக் காகிதத்தை நீட்டினேன்.

"சார், ஏழாவது துளையில டேப்ப உரிக்கலன்னு நெனைக்கேன். தப்பு எம்மேலதான்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் காகிதத்தையே பார்த்தார்.

"அப்போ அங்க தீ பிடிச்சிருக்கும்லாக்கா."

என்னைக் கோபிக்கக்கூட அவருக்கு நேரமில்லை. மனைவி சுப்ரஜாவுக்குப் போன் போட்டு, கோளாறு தெளிப்பானில் இல்லை என்று சொல்லிக்கொண்டே நடந்தார். அந்தக் குரலை நான் நாலு வருஷத்தில் கேட்டதில்லை.

பக்கத் தகட்டைத் திறந்து, அழுத்தக் குழாயைக் கழற்றினோம். மெல்லிய கம்பியை ஏழாவது துளையில் விட்டேன். எங்கும் தட்டாமல் மறுபக்கம் வந்தது. பசை இல்லை, கருகல் இல்லை. டேப்பை உரித்து எங்கேயோ போட்டிருக்கிறேன். அப்படியென்றால் அங்கே தீ பிடிக்கவில்லை என்பதும் நிஜம்தான். என் வேலை போகாது என்றொரு நிம்மதி வந்தது. வந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

அவர் டார்ச்சைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தார்.

"கம்பியப் பைய விட்டுப் பாருங்கக்கா. இன்னொரு தடவை."

மணி பத்தே முக்கால். கம்பியை உருவி, மறுபடியும் அதே துளையில் விட்டேன்.