அண்ணி நீச்சல் குளத்தைக் காப்பாற்றிய கதை

"கேக்காம கொள்ளாம தண்ணியத் தொறந்து விட்டது யாரு அண்ணி? அத மட்டும் சொல்லுங்க."

"கத்தாத. மொதல்ல அந்த ஜன்னலச் சாத்து."

"எதுக்குச் சாத்தணும்? எல்லாருக்கும் தெரியட்டும். வாசல்ல புள்ளைங்க துண்டோட நிக்குதுங்க. உள்ள போய்ப் பாத்தா முழங்கால் அளவுக்குத்தான் தண்ணி கெடக்கு. குளத்து மோட்டார்காரரக் கேட்டா, வீட்டுக்குப் போய் உங்க அண்ணியக் கேளுங்கன்றாரு."

ஜன்னலை யாரும் சாத்தவில்லை. எதிர்வீட்டில் தையல் மிஷின் சத்தம் சட்டென்று நின்றது. அந்த வீட்டுத் தையல்காரம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்க வேண்டும் என்பது இந்த மாதிரி நேரங்களில்தான் நினைவுக்கு வரும். கீழ்வீட்டில் ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடினார்கள். சண்டை நடந்த வீட்டிலோ ஒரு குழாய் திறந்துகொண்டது. சத்தம் போட்டவளுக்கு அண்ணனும், சத்தம் வாங்கியவளுக்குப் புருஷனுமான மருந்துக்கடைக்காரர் குளியலறைக்குள் இருந்தார். காலையிலேயே குளித்து முடித்த மனுஷர்தான். இருந்தாலும் இன்னொரு முறை குளித்தால் தப்பில்லை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

அடுப்பங்கரையில் நின்றுகொண்டிருந்த அண்ணி அந்தப் பகுதிப் பூங்காக்களுக்கெல்லாம் கண்காணிப்பாளர். தெருவில் அவளுக்குப் பூங்கா மேடம் என்று பெயர். அவளுடைய பூங்காக்களில் பூ என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிச்சமில்லை என்பது வேறு விஷயம். சில வருடங்களாக நகராட்சி அவளுக்குக் கொடுத்திருந்த வேலை ஒன்றே ஒன்று: குறைப்பது. முதலில் நீரூற்றை நிறுத்தினாள். அப்புறம் புல் வெட்டும் ஆட்களைக் குறைத்தாள். புல் முழங்காலைத் தொட்டபோது, அங்கே 'இயற்கைப் பகுதி' என்று ஒரு பலகை வைக்கச் சொன்னார்கள், வைத்தாள். இரண்டு பூங்காவுக்கு ஒரே காவலாளி போதும் என்றார்கள். அவர் ஒன்றைப் பூட்டிவிட்டு மற்றதைத் திறக்கப் போய்ச் சேர்வதற்குள், அங்கே நடக்க வந்தவர்கள் கேட்டுக்கு வெளியிலேயே நடந்து முடித்து வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஊஞ்சல் சங்கிலி அறுந்தால் புதுச் சங்கிலிக்குப் பணம் கிடையாது. ஊஞ்சலைக் கழற்றிப் போட மட்டும் ஆள் வரும்.

இதெல்லாம் தலைமை அலுவலகத்தில் யாரோ முடிவு செய்வது. ஆனால் தலைமை அலுவலகத்தைத் திட்ட வேண்டுமானால் பஸ் பிடித்துப் போக வேண்டும். பூங்கா மேடத்தைத் திட்டக் காய்கறிக் கடைக்குப் போனால் போதும். பூங்காக் கழிப்பறையைப் பூட்டிய வாரம் அவள் காய்கறி வாங்கவே போகவில்லை. மருந்துக்கடைக்காரர் போய், முற்றிய வெண்டைக்காயாகப் பார்த்து வாங்கி வந்தார்.

நாத்தனார் அந்த நகராட்சி நீச்சல் குளத்தில் டீச்சர். நிரந்தர வேலை இல்லை, வருடத்துக்கு வருடம் ஒப்பந்தம். அண்ணன் வீட்டு மாடியறையில் குடியிருப்பு, முப்பதைத் தாண்டிக் கொஞ்ச காலம், கல்யாணம் ஆகவில்லை. ஆசைப்பட்டவர் இல்லாமல் இல்லை. தெருமுனை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் நாற்பது வயதில் நீச்சல் கற்றுக்கொள்ள வந்தார். நெடுநாள் வந்தும் சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை. அவர் நீச்சலுக்காக வரவில்லை என்பது தெருவில் பால் வாங்கப் போகும் குழந்தைக்குக்கூடத் தெரியும். கடைசியில் அவர் வாய்விட்டுக் கேட்டபோது, எனக்கு இங்கே வேலை இருக்கிறது, அது போதும் என்று நாத்தனார் சொல்லிவிட்டாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அவரும் மரியாதையாகச் சுவரைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

அப்படிப்பட்ட குளத்தில்தான் இப்போது முழங்கால் அளவுத் தண்ணீர்.

அண்ணி கடைசியில் தானே போய் ஜன்னலைச் சாத்தினாள். எதிர்வீட்டு நூல் ஊசிக்குள் போனதா இல்லையா தெரியாது. உள்ளே நடந்த பேச்சு இதுதான்.

"மூடப் போற பட்டியல்ல உன் குளம்தான் மொதல்ல இருக்கு. மூடினா மூடினதுதான், அப்புறம் எந்தக் காலத்துலயும் தொறக்க மாட்டாங்க. பழுதுன்னு எழுதி வச்சா மூட முடியாது. பழுது பாக்கறதுக்கு வேற பணம், வேற பிரிவு. இந்த வருஷம் தப்பிச்சிட்டா அடுத்த வருஷத்த அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்ப எழுதிட்டுப் போக வேண்டியதுதான? தண்ணிய ஏன் விட்டீங்க?"

"நேர்ல பாக்க வர்றாங்கடி. உள்ள புள்ளைங்க குதிச்சுக்கிட்டு இருந்தா எது பழுதுன்னு காட்டறது, உன்னையா?"

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்தது, வந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"நீ யார்கிட்டயும் சொல்ல மாட்ட. உன் மூஞ்சி சொல்லிடும்."

அண்ணி இந்த வித்தையைச் சும்மா கண்டுபிடிக்கவில்லை. முன்பு ஒரு சறுக்கு மரத்தை அகற்றச் சொன்னபோது, போகிற போக்கில் 'பழுது பார்க்கப்படுகிறது' என்று எழுதி அனுப்பினாள். அதை அகற்றும் பேச்சு அப்படியே நின்றது. எங்கோ ஒரு பிரிவில் யாரோ அதை உண்மை என்று நம்பி, பிறகு புதுச் சறுக்கு மரமே வந்து இறங்கியது. அவள் வேலைக்காலத்தில் அரசாங்கம் தானாக முன்வந்து எதையாவது கொடுத்தது அந்த ஒரு முறைதான். அந்த ருசி அவளை விடவில்லை.

மறுநாள் காலையில் தெருவுக்குச் சண்டையின் முதல் பாதி முழுசாகத் தெரிந்திருந்தது. ஜன்னலுக்குள் போன பாதி தெரியவில்லை. எனவே தெரு தானே மீதியை எழுதிக்கொண்டது. நாத்தனார் சம்பளத்தை வீட்டில் கொடுப்பதில்லையாம், அதுதான் அண்ணி அவள் பிழைப்பில் கை வைத்துவிட்டாளாம். இல்லை, மாடியறையை வாடகைக்கு விட ஆசையாம். தையல்காரம்மா இந்த இரண்டாவதைத்தான் ஆதரித்தாள். அறைக்கு என்ன வாடகை கிடைக்கும் என்றுகூடக் கணக்குச் சொன்னாள். அண்ணி காதில் எல்லாம் விழுந்தது. மறுத்துப் பேச முடியுமா? குளத்துக்குப் பழுதே இல்லை, நான் பொய் எழுதினேன் என்று காய்கறிக் கடையில் நின்று சொல்ல முடியாதே. வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள்.

தலைமை அலுவலகக் கணக்கு அதிகாரி ஒரு பிற்பகலில் வந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே குளத்தின் ஓரமாக நடந்தார். ஏணிக்குப் பக்கத்தில் பல காலமாக உடைந்து கிடந்த சில டைல்ஸை அண்ணி இன்றைக்குத்தான் பார்ப்பது போலக் காட்டினாள். மோட்டார்காரர் தன் பங்குக்கு, இது பம்பே இல்லை சார், பம்பு மாதிரி ஒன்று என்று தேவைக்கு மேலேயே போட்டு வைத்தார். அதிகாரி அதையெல்லாம் நம்பியதாகவும் தெரியவில்லை, நம்பாததாகவும் தெரியவில்லை. அன்று காலை வேறொரு பகுதியில் ஒரு நூலகத்தை மூடிவிட்டு வந்திருந்தார். அங்கே ஒரு பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மறுத்ததைச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் காலிக் குளத்தையே பார்த்தார்.

"உங்க பகுதியில பழுதாகாதது ஏதாவது இருக்கா மேடம்?"

"இன்னும் நான் இருக்கேன் சார்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் குளத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். அன்று மருந்துக்கடைக்காரர் வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குளியலறைக் குழாய்க்கு வேலை இருக்கவில்லை.

சிக்கல் அதற்குப் பிறகு ஆரம்பித்தது. பழுது என்று எழுதிய குளத்தில் பழுது பார்க்காமல் தண்ணீர் நிரப்ப முடியாது. பழுது பார்க்க மதிப்பீடு போட வேண்டும். மதிப்பீட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் இருந்தார். திரும்பி வந்ததும் அவரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். புதிதாக வந்தவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து அனுப்பச் சொன்னார். நாத்தனார் அண்ணன் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். குளத்துப் பிள்ளைகளின் அம்மாக்கள் இருமல் மருந்து வாங்க வந்து, எப்போது திறப்பீர்கள் என்று கேட்டார்கள். சீக்கிரம் என்றாள். அவர்கள் போனதும் பொட்டலத்தைத் தப்பாகக் கட்டினாள். கண்ணாடிக் கடைக்காரருக்கும் அந்தச் சமயத்தில் அடிக்கடி தலைவலி வந்தது. ஒரு மாத்திரை வாங்குவார். மறுநாள் இன்னொன்று.

அதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது.

ஒவ்வொரு கோடையிலும் குளத்தைக் காலி செய்து தேய்த்துக் கழுவுவது வழக்கம்தான். ஒரு நாளும் எதுவும் ஆனதில்லை. மழையில் காலிக் குளம் எப்படி இருக்கும் என்று யாரும் பார்த்ததில்லை, ஏனென்றால் மழையில் அது காலியாக இருந்ததே இல்லை. விடாமல் பெய்தது. குளத்தில் மழைத் தண்ணீர் தேங்கியது. அதிகாரி திரும்பிப் பார்க்க வந்து, தண்ணீரைக் கண்டு, சரியாகிவிட்டதே என்று மறுபடியும் பட்டியலில் சேர்த்துவிட்டால்? அண்ணிக்கு அந்தப் பயம். தேங்கத் தேங்க இறைத்துவிடுங்கள் என்று மோட்டார்காரரிடம் சொன்னாள். பம்பு மாதிரி ஒன்று என்று அவர் சொன்ன அந்தப் பம்பு, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு நாளும் மக்கர் பண்ணாமல் ஓடியது.

ஒரு நாள் காலையில் மோட்டார்காரர் ஆளனுப்பினார். அண்ணி குடையை விரிக்கக்கூட நிற்காமல் போனாள். ஆழமான பக்கத்துத் தரை, சாப்பிட்டு மல்லாந்து படுத்தவன் வயிறு மாதிரி உப்பி நின்றது. நடுவில் நீளமாக வெடித்து, டைல்ஸ் கொத்தாகக் கிளம்பிச் சிதறியிருந்தது. வெடிப்பு வழியாகக் கலங்கலாகத் தண்ணீர் ஊறி வந்துகொண்டிருந்தது. மோட்டார்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார், சாவு வீட்டு வாசலில் நிற்பது போல.

பொறியாளர் வந்து பார்த்தார். திட்டவில்லை, அவருக்கும் அலுப்புத்தான். மழையில் நிலத்தடி நீர் மேலே வந்து அடியிலிருந்து தள்ளும் என்று விளக்கினார். கோடையில் அது கீழே இருப்பதால் தெரியவில்லை. "உள்ள இருந்த தண்ணிதான் இத்தன நாளா இதப் புடிச்சு அமுக்கி வச்சிருந்துது மேடம். மழத் தண்ணியாவது அப்படியே கெடந்திருக்கலாம். அதையும் எதுக்கு எறச்சீங்க?"

அண்ணி மோட்டார்காரரிடம் பம்பை நிறுத்தச் சொன்னாள்.

சரிசெய்ய அவர் போட்ட மதிப்பீட்டுக்கு இன்னொரு குளமே கட்டலாம் என்று பேசிக்கொண்டார்கள். கணக்கு அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். குரலில் கோபம் இருந்திருந்தால் அண்ணிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "பழுதுன்னு எழுதினீங்க. இப்ப பழுதாவே ஆயிடுச்சு. இதுக்கு மேல நான் என்ன மேடம் எழுதறது?" குளம் பட்டியலுக்குத் திரும்பிப் போனது. இந்த முறை மூடியே விட்டார்கள். நாத்தனாரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதற்கில்லை என்று தகவல் வந்தது. அதை அவளிடம் சேர்ப்பிக்க வேண்டியதும் கண்காணிப்பாளரின் வேலைதான்.

அன்று சாயங்காலம் தெருவே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. தையல்காரம்மா மிஷினில் உட்காரவே இல்லை. ஜன்னல்கள் அகலத் திறந்துதான் கிடந்தன. அந்த வீட்டிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. மருந்துக்கடைக்காரர் பழக்கதோஷத்தில் குளியலறைக்குப் போய், உள்ளே கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, ஒன்றும் கேட்காததால் வெளியே வந்துவிட்டார்.

மாடியறையில் நாத்தனார் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அண்ணி வாசற்படியில் நின்றாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை, அவளும் போகவில்லை.

"திட்டணும்னா திட்டிடு," என்றாள் அண்ணி.

"நீங்க எனக்காகத்தான் பண்ணீங்கன்னு தெரியுது அண்ணி. அதான் கத்தக்கூட முடியல."

"கத்தினா எனக்கு நல்லாருக்கும்."

"தெரியும்," என்றாள் நாத்தனார்.

அண்ணி கீழே வந்தாள். நாத்தனார் பிழைப்பைக் கெடுத்தவள் என்று தெரு சொல்லிக்கொண்டிருந்தது பொய். இப்போது அந்தப் பொய்யும் ஒருவிதத்தில் நிஜமாகிவிட்டது. நியாயம் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தால், சொல்ல வேண்டிய ஒரே ஆளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் ஆறவில்லை.

மழை விட்டதும் நாத்தனார், கண்ணாடிக் கடைக்காரரைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று அண்ணனிடம் சொன்னாள். சாப்பாட்டு நேரத்தில், உப்பு கேட்பது போலச் சொன்னாள். தெருவுக்குச் சந்தோஷம், நல்ல மனுஷர், தலைவலி நின்றதே பெரிய விஷயம் என்றார்கள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு, எளிமையாக முடித்தார்கள். அண்ணிதான் பந்தியில் முன்னே நின்று பரிமாறினாள். அதைப் பார்த்த சிலர், தள்ளிவிட்ட நிம்மதி முகத்தில் தெரிகிறது என்றும் சொன்னார்கள்.

புதுத் தம்பதி வேறு நகரத்துக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையின் மாமா அங்கே வைத்திருந்த கண்ணாடிக் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அந்த ஊரில் நகராட்சிக் குளம் ஏற்கெனவே மூடியாகிவிட்டது என்று கேள்வி. நாத்தனார் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பார்த்துப் பொருத்தம் சொல்கிறாள். நன்றாகச் சொல்கிறாளாம். மோட்டார்காரர் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு மகளோடு இருக்கப் போய்விட்டார். அண்ணி பூங்காப் பிரிவிலிருந்து மாற்றல் கேட்டுக்கொண்டே இருந்தாள், கடைசியில் அவளைப் பிறப்புச் சான்றிதழ் பிரிவில் போட்டார்கள். அங்கே குறைக்கச் சொல்லி இதுவரை உத்தரவு வரவில்லை.

நாத்தனார் ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனிடம் போனில் பேசுவாள். கடைசியில் அண்ணியிடம் கொடுக்கச் சொல்வாள். மழை உண்டா, கால் வலி எப்படி, அண்ணன் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, இவ்வளவுதான் பேச்சு. பிடித்துத்தான் கட்டிக்கொண்டாளா, குளம் போனதால் கட்டிக்கொண்டாளா என்று அண்ணி கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.