கட்டிவைத்த பொத்தான்

சூலூரில் மோட்டாருக்குத் தகடு வெட்டும் பட்டறை அது. வெட்டுகிற பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள். இரு கையாலும் ஒருசேர அமுக்கினால்தான் மேலச்சு இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. அப்படி ஓட்டினால் ஷிப்டுக்குச் சொன்ன கணக்கு முடியாது. அதனால் ஒரு பொத்தானை சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். ஷிப்ட் முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். மேஸ்திரிக்கு இது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார், மகராசன்.

அந்த வியாழக்கிழமை சின்னத்தாயி அவிழ்க்க மறந்துவிட்டாள். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.

அடுத்த ஷிப்டுக்கு வந்தவள் கிருபா. ஷிப்ட் மாறும்போது தினமும் இருவரும் வேப்பமரத்தடியில் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள். அன்றைக்கு அதுவும் இல்லை. கிருபா வலது கையால் தகட்டைச் சரிசெய்துகொண்டே இடது கையைப் பொத்தான்மேல் வைத்தாள். மற்றதில் டியூப் கட்டியே இருந்ததை அவள் கவனிக்கவில்லை; ஒன்றை அமுக்கினால் இறங்காது என்ற தைரியம். நான்கு விரல்கள் போய்விட்டன.

பங்காரு முதலாளி ஆஸ்பத்திரிக்கே போய் விசாரித்தார். தானேதான் கட்டியதாகக் கிருபா சொல்லிவிட்டாள். பட்டறை முழுக்க அவளைத்தான் திட்டியது. சின்னத்தாயி வாயைத் திறக்கவில்லை.

பதினோராம் நாள் கிருபாவின் வீட்டுக்குப் போனாள். நாலு வார்த்தை திட்டு வாங்கினால் தேவலை என்றிருந்தது. முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அழுதாள்.

"சொன்னா வெரல் வந்துருமுங்களா அக்கா? உங்க ஊட்டுக்காரரு தவறுனதுக்கப்பறம் உங்க ஊட்ல அடுப்பெரியறதே இந்த வேலையிலதான். அதுக்காவத்தான் சொல்லிப்போட்டேன்" என்றாள் கிருபா. கட்டுப் போட்ட கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "ஆனா இனி எங்கூடப் பேசாதீங்க. உங்களப் பாத்தா எனக்குத் தாங்கலீங்க."

வேலை போகாது என்றதும் சின்னத்தாயிக்கு நெஞ்சு லேசானது. அந்த நிம்மதிதான் பிறகு அவளைப் பிடுங்கித் தின்றது.

இரண்டு மாதம் கழித்துக் கிருபாவைப் பேக்கிங்கில் போட்டார்கள். முதல் நாள் மதியம் அதே வேப்பமரத்தடியில் அவள் சாப்பாட்டுத் தூக்குப்போசியை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, இடது கையால் மூடியைத் திருகினாள். வரவில்லை. மறுபடியும் திருகினாள்.

ஷிப்ட் முடிந்து வந்த சின்னத்தாயி தன்னை மறந்து இரண்டடி எடுத்து வைத்தாள். கிருபா நிமிராமலே போசியோடு மரத்துக்கு அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

பத்து விரலும் முழுசாக இருந்த கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, சின்னத்தாயி சாப்பிடாமலே பஸ்ஸுக்கு நடந்தாள்.