இரட்டையடிப் படகு

பட்டறைக்குள் கால் வைத்ததுமே சுமித்திராவுக்குத் தலை இடித்தது. ரெசின் நாற்றம். முல்லைத்தீவுக் கடற்கரையோரத் தகரக் கூரைக்குக் கீழே பைபர் போட்கள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. அவள் சால்வைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோடு நின்றாள்.

தில்லைநாதனுக்கு அந்த நாற்றம் உறைத்ததாகவே தெரியவில்லை. கோயில் வீதி சுற்றுகிறவரைப் போல ஒவ்வொரு போட்டின் அடியையும் தொட்டுத் தடவிக்கொண்டு நடந்தார். இரணைமடுக் குளத்துப் பக்கம் அவருக்கு ஒரு விடுதி இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து காடு வெட்டிய குடும்பம். தகப்பன் காலத்து வயல், பிறகு நெல் ஆலை, இப்போது விடுதி. விடுதியில் தங்க வருகிறவர்கள் குளத்தில் ஓடித் திரிய ஒரு வேகப் படகு வேண்டுமென்று சில மாதங்களாகவே அவர் அலைந்துகொண்டிருந்தார். போட்டுக்கு எந்த மாதிரி அடி நல்லது என்று ராத்திரி பகலாகக் கைத்தொலைபேசியில் வீடியோ பார்த்து, பார்த்ததை எல்லாம் சுமித்திராவிடம் வந்து ஒப்புவிப்பார். அவள்தான் அந்த விடுதியின் மனேச்சர். 

அவளும் ஆசையோடுதான் கேட்டிருந்தாள். படகை ஓட்டும் வேலையைத் தம்பி சுமனுக்குத் தருவதாக அவர் சொல்லியிருந்தார். சுமன் குளத்தில் வலை போட்டுப் பிழைப்பவன். வலைக்கு அகப்படுவதை நம்பி அவன் கலியாணம் கட்ட முடியாது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பட்டறைக்காரன் பிரதீபன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"எந்தத் தண்ணியில ஓடப் போறியள் ஐயா? முதல்ல அதைச் சொல்லுங்கோ."

"இரணைமடு. மாரியில கடல் மாதிரி நிக்கும், கோடையில வத்திப்போம். வத்தினால் பட்ட மரக் குத்தியள் தண்ணிக்குக் கீழ ஒளிச்சு நிக்கும். சோளகக் காத்து எழும்பினால் அலையும் அடிக்கும்."

"அப்ப நல்லா யோசிச்சுத்தான் எடுக்கோணும்." பிரதீபன் முதலில் கையைத் தட்டையாக நீட்டினான். "தட்டையடி. சாண் தண்ணியிலயும் ஓடும். ஆனா அலைக்குப் போட்டு அடிக்கும்." பிறகு இரண்டு கையையும் கும்பிடுவதுபோலச் சேர்த்துக் கவிழ்த்தான். "கூரடி. அலையை வெட்டிக்கொண்டு போம். ஆழம் வேணும், நிப்பாட்டினால் ஆடும்." கடைசியாக இரண்டு கையையும் விலக்கிப் பிடித்தான். "இது இரட்டையடி. ரெண்டு போட்டை ஒட்டி மேல தட்டுப் போட்ட மாதிரி. ஆடாது, சரியாது. திருப்பேக்க மட்டும் அகலமா வளைக்கோணும்."

"எஞ்சினும் கொஞ்சம் பெரிசா வேணும், என்ன?" என்றார் தில்லைநாதன்.

"ஓம் ஐயா, எல்லாம் தெரிஞ்சுதான் வந்திருக்கிறியள்."

தில்லைநாதன் வெட்கத்தோடு சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கண்டு சுமித்திராவுக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்தது. இந்த மனிதர் ஒன்றைத் தொட்டால் ஒழுங்காகத்தான் செய்வார் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று மாதிரியிலும் ஒவ்வொரு போட் தண்ணீரில் நின்றது. ஓடிப் பார்த்து எடுங்கோ என்றான் பிரதீபன். முதலில் கூரடி. அலையை அது கத்தரிக்கோல் மாதிரி வெட்டியது உண்மைதான். ஆனால் நிறுத்தியதும் தில்லைநாதன் எழும்ப, போட் ஒரு பக்கம் சரிந்தது. கரைக்கும் கிட்ட வரமுடியவில்லை. தொடையளவு தண்ணீரில் இறங்கி நடந்தார்கள். "கிழடு கட்டையள் ஏறி இறங்க ஏலாது," என்று அவர் அதைத் தள்ளிவிட்டார்.

அடுத்தது தட்டையடி. கரையிலேயே ஏறினார்கள், அலையில்லாத களப்புத் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போனது. வெளிக் கடலுக்கு வந்ததும்தான் வினை. ஒவ்வோர் அலைக்கும் போட் எழும்பித் தொம்மென்று விழுந்தது. தில்லைநாதனின் முகம் முதலில் வெளிறியது, பிறகு பச்சையானது. அவர் கையை நீட்டி எதையோ பிடிக்கப் போனார். அதற்குள் காலையில் தின்ற இடியப்பமும் சொதியும் கொட்டின. பாதி கடலுக்குள், பாதி சுமித்திராவின் கையிலும் மடியிலும்.

அவள் முகம் சுளிக்கவில்லை. ஒரு கையால் அவருடைய நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள், மறு கையால் முதுகைத் தடவினாள். தகப்பன் பழனியாண்டி நோயாகக் கிடந்த காலத்தில் பழகிய கை அது. "தண்ணி... பிள்ளை, தண்ணி..." என்று அவர் முனகினார். அவள் தன் பையிலிருந்த போத்தலைத் திறந்து கொடுத்தாள். அவர் அவளுடைய கையோடு சேர்த்துப் போத்தலைப் பிடித்து, வாயை வைத்து, மடக் மடக்கென்று குடித்தார். மோவாயில் ஒழுகியதை அவள் சால்வையால் துடைத்துவிட்டாள். அந்த நேரத்தில் அவள் மனதில் இருந்தது இரக்கம் மட்டும்தான்.

கரையில் கொஞ்ச நேரம் நிழலில் படுத்திருந்துவிட்டு அவர் இரட்டையடியில் ஏறினார். அதே கடல், அதே அலை. போட் மேசை மாதிரி நின்றது. ஓட்டுகிறவனின் ஆசனம் முன்னுக்குத் தனியாக இருந்தது. பின்னால் அகலமான தட்டு, அதில் மற்றவர்கள் இருக்க நீள வாங்குகள். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கக்கூடிய இடைவெளி. தில்லைநாதனின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது.

"இதுதான்," என்றார் இறங்கியதும். "தம்பி, ஒரு விசயம். ஓட்டிறவர்ர ஆசனத்துக்குப் பின்னால ஒரு கண்ணாடி மறைப்புப் போடலாமே?"

"காத்துக்கோ ஐயா? காத்துக்கெண்டா முன்னுக்கெல்லோ போடோணும்."

"காத்துக்கில்லை." அவர் குரலைத் தாழ்த்தினார். ஆனால் சுமித்திரா குழாயடியில் மடியைக் கழுவிக்கொண்டு நின்றது நாலடி தள்ளித்தான். "ஓட்டப்போறது குளத்தில மீன் பிடிக்கிற பொடியன். வாறது வெளிநாட்டில இருக்கிற எங்கட ஆக்கள், நல்ல குடும்பங்கள். முட்டிக்கொண்டு இருக்கிறது சரியில்லை. வீட்டால வெளிக்கிடேக்கையே நான் இதைத்தான் யோசிச்சனான். மற்ற ரெண்டிலயும் எல்லாரும் தொடையோட தொடை."

பிரதீபன் அவரைப் பார்த்தான், பிறகு சுமித்திராவைப் பார்த்தான், பிறகு மணலைப் பார்த்தான். "போடலாம் ஐயா," என்றான்.

அவள் குழாயை மூடாமல் நின்றாள். சில மாதங்களாக அடி, அடி என்று இந்த மனிதர் பேசியதெல்லாம் இதற்குத்தானா? குத்தி, அலை, ஆழம், கிழடு கட்டைகள் எல்லாம் சொல்லி, கடைசியில் சுமனின் தொடை எவர் தொடையிலும் படாத ஒரு போட். 

தில்லைநாதன் அவளைக் கண்டுவிட்டார். கிட்ட வந்து, தகப்பனைப் போலவே சொன்னார்: "குறை நினைக்காதையும் பிள்ளை. உம்மட தம்பி தங்கமான பொடியன். ஆனா வாறவைக்கும் ஒரு மனம் இருக்குத்தானே."

அவள் குழாயை இறுக்கி மூடினாள். தம்பிக்கு அந்த வேலை வேண்டியிருந்தது.

காரில் அவள் பின் ஆசனத்தில் இருந்தாள், எப்போதும் போல. கார் முள்ளியவளையைத் தாண்டியது. ஓட்டியபடியே தில்லைநாதன் முன் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"அந்தத் தண்ணி... கடையில வாங்கின போத்தலே?"

"இல்லை ஐயா. எங்கட வீட்டுக் கிணத்துத் தண்ணி. நான் கொண்டு வந்தது."

"நீர் குடிச்ச போத்தலோ?"

"ஓம்."

அடுத்த கடையில் கார் நின்றது. அவர் சீல் உடைக்காத தண்ணீர்ப் போத்தல் ஒன்று வாங்கி, வேலியோரம் போய்நின்று வாய் கொப்பளித்தார். துப்பினார். மறுபடி கொப்பளித்தார். தொண்டைக்குள் விரலை விட்டுக் காறிக் காறித் துப்பினார். கடை வாசலில் படுத்திருந்த நாய்கூட எழும்பிப் பார்த்தது. சுமித்திரா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து அதை முழுதாகப் பார்த்தாள். போட்டில் அவளுடைய மடியில் கொட்டிய வாந்தியைவிட இது அவளுக்குக் குமட்டியது.

திரும்பி வந்து ஏறியவர், உதட்டைத் துடைத்துக்கொண்டு, இரகசியம்போலச் சொன்னார்: "பிள்ளை, அன்ரியிட்ட இதைச் சொல்லிப்போடாதையும். அவ விரதகாரி."

அவருடைய மனைவி பத்மாசனி அன்ரி வெள்ளிக்கிழமைகளில் விடுதிச் சமையலறையைத் தானே கழுவுகிறவர். அங்கே சுமித்திராவுக்கென்று ஒரு பீங்கான் கோப்பை தனியாக இருந்தது. அதைத் தன்மேல் உள்ள அன்பு என்றுதான் அவள் இவ்வளவு நாளும் எண்ணியிருந்தாள்.

அவளுக்குத் தாகம் வாட்டியது. பையில் போத்தல் இருந்தது. அதில் வாய் வைக்க இப்போது அவளாலும் முடியவில்லை.

சுமனைப் பழக்குவதற்கு அடுத்த கிழமை பட்டறைக்கு அனுப்பவேண்டும் என்று சொல்வதற்காகத் தில்லைநாதன் காரைச் சுமித்திராவின் வீட்டில் நிறுத்தினார். கிளிநொச்சிக்குக் கிட்ட, கலவர வருடத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்த தாத்தா பிடித்த காணி. அம்மா கமலாட்சி முற்றத்துக்கு ஓடிவந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் வன்னிப் பேச்சுப் பேசினாலும் அம்மாவின் வாயில் மலைநாடு போகவில்லை.

"வாங்கையா, வாங்க, உக்காருங்க!"

கதிரையைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். தில்லைநாதன் அதில் இருந்தார். அவர் வேண்டாம் என்று சொல்லக்கூட நேரமில்லை. அம்மா உள்ளே போய் ஒரு சோடாப் போத்தலோடு வந்தாள். மூடி திறக்கவில்லை. மேலே ஒரு ஸ்ட்ரோ. இரண்டையும் ஒரு புதுக் கடுதாசியில் வைத்து நீட்டினாள்.

"நீங்க வருவீங்கன்னு புள்ள போன்ல சொன்னதும் சுமனைக் கடைக்கு அனுப்பி எடுத்தாந்தேங்கய்யா. கை படல."

கை படல. அம்மா அதை எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்! ஒரு விருந்தாளிக்குச் சீனி போதுமா என்று கேட்பது போல. சுமித்திராவின் உடம்பெல்லாம் கூசியது. தில்லைநாதன் நிம்மதியாகச் சிரித்தபடி மூடியைத் திறக்க, அவள் வாய் தன்பாட்டில் திறந்தது.

"அம்மா, ஐயாவுக்குக் கிணத்துத் தண்ணி குடுங்கோ. செம்பில குடுங்கோ. காலமை என்ர போத்தலில வாய் வைச்சுக் குடிச்சவர். சாகேல்லை. அவர் சத்தி எடுத்ததை இந்தக் கையாலதான் ஏந்தினனான். அப்ப அவருக்கு அரியண்டமா, அருவருப்பா இருக்கேல்லை, எனக்கும் இருக்கேல்லை. இப்பதான் எனக்கு இருக்குது."

 சுமன் கதவு நிலையில் கையை வைத்தபடி உறைந்து நின்றான். தில்லைநாதனின் காது சிவந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "பிள்ளை வெயிலில நிண்டது. தலை சுத்துது போல. படுக்க விடுங்கோ." சோடாவைக் கதிரைக் காலடியில் வைத்துவிட்டுப் போய்க் காரில் ஏறினார்.

கார் மறைந்ததும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியாததையா நீ சொல்லிட்ட? நானும் எங்காத்தாளும் எத்தன பேருக்கு சோடா வாங்கிக் குடுத்திருக்கோம்! வேலை குடுக்கிறவங்க மூஞ்சில அடிச்சாப்ல..."

"என்ர வேலை போச்சு. இப்ப உனக்குச் சந்தோசமோ?" என்றான் சுமன்.

அவள் கிணற்றடிக்குப் போய் முழங்கைவரை சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள். வாடை போன பிறகும் தேய்த்தாள்.

மறுநாள் விடுதிச் சாவிகளைக் கொண்டுபோய்ப் பத்மாசனியிடம் கொடுத்தாள். ஏன் வேலையை விட்டு நிற்கிறாய் என்று அவர் கேட்டார். போத்தல் கதையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நாக்குத் துடித்தது. சொன்னால் அந்த மனிசி ஐயரைக் கூப்பிட்டுப் புருசனுக்குத் தீட்டுக் கழிக்கச் சாந்தி செய்விக்கும், அதையும் ஊர் சிரித்துக் கதைக்கும். "சரியான தூரம் அன்ரி, வந்து போக ஏலாமக் கிடக்கு," என்று சொல்லிவிட்டு வந்தாள். பிறகு கிளிநொச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை எடுத்தாள்.

சுமனின் வேலை போகவில்லை. தில்லைநாதன் ஆளனுப்பிக் கூப்பிட்டார். அவன் போனான். அவள் தடுக்கவுமில்லை, போ என்று சொல்லவுமில்லை. சித்திரையில் போட் வந்தது. ஆடியில் குளம் வற்றி, குத்திகள் தலைகாட்டின. அவற்றில் வலைக்காரரின் தோணிகளே முட்டி நின்றபோதும் அந்தப் போட் மட்டும் ஓடியது.

"குறை சொல்ல ஏலாது அக்கா," என்றான் சுமன் ஒரு நாள், சோற்றைப் பிசைந்தபடி. "மனிசன் நல்லாப் பாத்துத்தான் எடுத்திருக்கு. கிழவியள் கூடப் பயமில்லாம ஏறுதுகள். கண்ணாடிக்குப் பின்னால என்ன கதைக்கினமெண்டுதான் எனக்குக் கேக்காது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மருந்துக் கடை பூட்டிய பிறகு அவள் சைக்கிளில் குளக்கட்டுக்குப் போனாள். வெள்ளைப் போட் தூரத்தில் வளைந்து வந்தது. சோளகம் நல்ல பலமாக அடித்தது, தண்ணீர் முழுதும் அலை. போட் துளியும் ஆடவில்லை. பின் தட்டில் தொப்பி போட்ட பெண்கள் பால் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள், ஒரு கோப்பைகூடச் சிந்தவில்லை. முன்னுக்கு, மறைப்புக்கு அந்தப் பக்கம், சுமனின் முதுகு நிமிர்ந்து இருந்தது.

எவ்வளவு அருமையான தெரிவு! அவளுக்குக் குமட்டி, வாயில் எச்சில் ஊறிக்கொண்டு வந்தது. கட்டோரம் குனிந்து காறித் துப்பிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினாள்.