மருந்துக்கடைக்காரர் எடுக்காத உறுதிமொழி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. எங்கள் சேவைச் சங்கத்தின் பிப்ரவரி மாத மடலில் கடைசிப் பக்கம் பாதி காலியாகக் கிடந்தது. அதை அடைக்க ஆள் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், உடைந்த மூக்குக்கண்ணாடியோடு நான் போய் மாட்டிக்கொண்டேன். மடலின் ஆசிரியர் கண்ணாடிக் கடை நடத்துபவர்.

"புது வருஷத்துச் செய்தி, கொஞ்சம் சிரிக்கிற மாதிரி அரைப் பக்கம் எழுதுங்க. யார் மனசும் புண்படக் கூடாது. எழுதிட்டு வந்து கண்ணாடியை வாங்கிக்கோங்க" என்றார்.

கண்ணாடி இல்லாமல் எப்படி எழுதுவது என்று கேட்க வேண்டும் என எனக்குத் தோன்றியது வீட்டுக்கு வந்த பிறகுதான்.

முதல் முயற்சி: 'புத்தாண்டின் பொன்னொளியில், சேவை என்னும் நறுமலர்…' (எனக்கே கொட்டாவி வந்தது. விட்டுவிட்டேன்.)

இரண்டாம் முயற்சி: 'சென்ற ஆண்டு நம் சங்கம் நாற்பத்தொரு பழைய மூக்குக்கண்ணாடிகளையும் ஆறு சக்கர நாற்காலிகளையும்…' (உண்மைதான். ஆனால் இதில் யாருக்கும் யார்மீதும் கோபமில்லை. கோபமில்லாமல் கதை எப்படி நகரும்?)

மூன்றாம் முயற்சி: ஒரு தெருவில் எதிரெதிரே இரண்டு கடைகள். ஒன்று தங்கையின் கண்ணாடிக் கடை. மற்றது அண்ணனின் மருந்துக் கடை. இரண்டு வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை. (பிடித்துக்கொண்டேன்.)

[நான் கேட்டது புத்தாண்டுச் செய்தி. – ஆசிரியர்]

எழுத எழுத அவரிடம் காட்டினேன். அவர் பென்சிலால் கிறுக்கியவற்றை அழிக்காமல் விட்டிருக்கிறேன். இன்னொன்று. இதுவரை 'அவர்' என்று எழுதினேன். இனி 'அவள்' என்றே எழுதப்போகிறேன். கதைக்குள் காலை வைத்துவிட்டால் மரியாதை கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

[கவனித்தேன். – ஆசிரியர்]

2

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஜனவரி மடலில் இருபத்திரண்டு உறுப்பினர்களின் புத்தாண்டு உறுதிமொழிகளும் அச்சாகும். பிப்ரவரிக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் எழுந்து நின்று தம்முடையதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். உறுதிமொழியை டிசம்பர் பதினைந்துக்குள் எழுதி அனுப்ப வேண்டும் என்பது விதி. பதினோரு வருடத்தில் ஒருவரும் அனுப்பியதில்லை என்பது நடைமுறை.

ஆகவே எல்லோருடையதையும் அவளே எழுதிவிடுவாள்.

போன வருடம் தையல்காரருக்கு 'நீச்சல் கற்றுக்கொள்வேன்' என்று எழுதினாள். அவர் மடலைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"நான் எப்பக்கா இப்படிச் சொன்னேன்?"

"டிசம்பர்ல, இதே இடத்துல நின்னு சொன்னீங்களே. மறந்துட்டீங்களா?"

அச்சில் வந்துவிட்டால் நம் ஆட்களுக்கு அது வேதவாக்கு. ஐம்பத்தாறு வயதில் மனிதர் தண்ணீரில் இறங்கினார். இப்போது நீந்துவதாகச் சொல்லிக்கொள்கிறார். பார்த்தவர்கள் மிதக்கிறார் என்கிறார்கள். சங்கத் தலைவருக்கு, 'மூன்று நிமிடத்தில் பேச்சை முடிப்பேன்' என்று எழுதினாள். மூன்று நிமிடத்தின் அருமை பற்றி அவர் இருபது நிமிடம் பேசினார். எனக்கு இந்த வருடம் எழுதியது: 'ஒரு கதையையாவது முடிப்பேன்.' குத்தல் எனக்கும் புரிகிறது.

அவளுடைய உறுதிமொழி மட்டும் எந்த வருடமும் வந்ததில்லை. 'உறுப்பினர் 22, ஆசிரியர்' என்று போட்டு, பக்கத்தில் 'இடம் போதவில்லை' என்று அச்சிட்டுவிடுவாள்.

3

அண்ணன் தங்கை சண்டைக்குக் காரணம் பூங்கா பெஞ்ச். சங்கம் பெஞ்சுகளுக்கு வண்ணம் அடித்தபோது அவர் பச்சை என்றார். அவள் நீலம் என்றாள். அன்றிலிருந்து இருவரும் தலைவர் வழியாகத்தான் பேசுகிறார்கள்.*

"தலைவரே, பெயிண்ட் டப்பாவை மூடி வைக்கச் சொல்லுங்க அவர்கிட்ட."

"தலைவரே, மூடி அவங்க நாற்காலிக்குக் கீழதான் கிடக்குன்னு சொல்லுங்க."

இருவருக்கும் நடுவே இருந்தது ஒரு முழத் தூரம். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பித் தலைவருக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. அதற்குத் தைலம் கொடுத்தது மருந்துக்கடைக்காரர்தான். இலவசமாகக் கொடுத்தார், குற்றவுணர்ச்சி போலும்.

* பெஞ்ச் என்பது ஊருக்குச் சொல்லும் காரணம். அவர்கள் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாள், பக்கத்தில் இருந்தது அண்ணன். மூச்சு மாறியதை மதியமே கவனித்துவிட்டார். 'கடையில கூட்டமா இருக்கும், அவளைப் பதற வைக்க வேண்டாம், சாயங்காலம் சொல்லிக்கலாம்' என்று விட்டுவிட்டார். சாயங்காலம் சொல்ல வேண்டியிருந்தது வேறு செய்தி. அவளுக்கு அது இன்னும் ஆறவில்லை. அவருக்கும் ஆறவில்லை. (இந்த அடிக்குறிப்பை அவள் வெட்டிவிடுவாள் என்று நினைத்தேன். பென்சில் இதன் பக்கமே வரவில்லை.)

4

இப்போது தப்பு நடந்த இடத்துக்கு வருகிறேன்.

டிசம்பரில் ஒரு மதியம், கடையில் உட்கார்ந்து உறுதிமொழிகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். அண்ணனுக்கு இரண்டு வருடமாக 'மரக்கன்று நடுவேன்' என்றே போட்டுவந்தாள், யாருக்கும் வம்பில்லாமல். அன்று என்ன தோன்றியதோ, 'என் தங்கையிடம் முதலில் நான் பேசுவேன்' என்று தட்டினாள். தட்டிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் கண் கலங்கிவிட்டது. சரி, அழித்துவிட்டு மரக்கன்றையே போடுவோம் என்று நினைத்தபோது ஒரு வாடிக்கையாளர் வந்தார். எழுந்து போய் அவருக்குக் கண் சோதித்துவிட்டு வந்தவள், மறந்துபோய் அப்படியே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டாள்.

எனக்கே இதில் சந்தேகம்தான். சரியான நேரத்தில் வாடிக்கையாளரை உள்ளே அனுப்புவது கதை எழுதுகிறவர்களின் பழைய தந்திரம். அன்று நிஜமாகவே யாராவது வந்தார்களா?

[யாரும் வரவில்லை. – ஆசிரியர்]

5

மடல் வெளியான அன்றே தெரு முழுக்கச் சிரிப்பு. மருந்துக்கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே படித்தார். நான்காக மடித்து எடைக்கல்லின் அடியில் வைத்தார். மறுநாள் தலைவரைக் கூப்பிட்டார்.

"அதைப் படிக்கச் சொன்னீங்கன்னா நான் சங்கத்தை விட்டே போயிடறேன்."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை, தலைவரை நடுவில் வைத்துக்கொண்டாவது, அண்ணனின் குரலைப் பக்கத்தில் கேட்க அவளுக்கு இருந்த ஒரே இடம் அந்தக் கூட்டம். அவர் போய்விட்டால் அந்த ஒரு முழமும் போய்விடும். விளையாட்டு வினையாகிவிட்டதே என்று ஒரு வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. எழுதி முடிக்கும்வரை காத்திராமல் என் கண்ணாடியைக் கொடுத்ததும், அதில் வலது கண்ணின் வில்லையை இடது பக்கம் மாட்டியிருந்ததும் அந்த வாரத்தில்தான்.

அதை மாற்றி வாங்கப் போனபோது தையல்காரர் உள்ளே வந்தார். கையில் மாத்திரை போட்டுக் கொடுக்கும் ஒரு சின்னக் காகித உறை.

"அண்ணன் குடுக்கச் சொன்னாரு. உங்ககிட்டயேதான் குடுக்கணுமாம்."

உறையின் மேல் காலை, மதியம் என்று அச்சடித்த கட்டங்கள். அவற்றின் குறுக்கே எழுதியிருந்தது: 'ஆசிரியருக்கு. என் உறுதிமொழியில் ஒரு திருத்தம். முதலில் என்ற சொல்லை எடுத்துவிடவும். மற்றபடி சரி.'

அவள் அதை ஐந்து தடவை படித்தாள். 'மற்றபடி சரி' என்ற இடத்தில் மட்டும் இன்னொரு தடவை. பதினோரு வருடத்தில் மடலுக்கு ஓர் உறுப்பினர் தானாக எழுதி அனுப்பியது அதுதான் முதல் தடவை. இரண்டு வருடத்தில் தலைவரின் கழுத்தைத் திருப்பாமல் அண்ணன் அவளிடம் சொன்ன முதல் வார்த்தைகளும் அவைதான். முதலில் பேச மாட்டேன் என்பதை முதல் ஆளாக வந்து சொல்லியிருக்கிறார். இந்தக் குடும்பத்தின் வீம்பை எதில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"திருத்தத்தைப் போடுங்க" என்றேன்.

"போட்டா, முதல்ல நான்தானே பேசணும்?"

"போடாதீங்க, அப்ப."

"போடலைன்னா அவர் போயிடுவாரே."

கண்ணாடியைத் துடைத்த துணியாலேயே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். "அவரும் பாவம்தான். அன்னைக்கு என்னைப் பதற வைக்கக் கூடாதுன்னுதானே பார்த்தாரு" என்றாள். இரண்டு வருடத்தில் அவள் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

6

இனி முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன.

ஒன்று: திருத்தம் அச்சாகிறது. அண்ணன் எழுந்து, 'என் தங்கையிடம் நான் பேசுவேன்' என்று படித்துவிட்டு உட்காருகிறார். எல்லோரும் அவளைப் பார்க்கிறார்கள். அவள் கூரையைப் பார்க்கிறாள். கூட்டம் முடிந்து…

(இந்த இரண்டு பேரையும் எனக்குத் தெரியும். இன்னும் இரண்டு வருடம் கூரையைப் பார்ப்பார்கள். விட்டுவிட்டேன்.)

இரண்டு: திருத்தம் அச்சாகவில்லை. ஒரு நாற்காலி காலி. (இதை எழுத மனம் வரவில்லை.)

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. திருத்தமும் அச்சாகிறது, அதற்குக் கீழே, உறுப்பினர் 22-க்குப் பக்கத்தில், பதினோரு வருடமாக இடம் போதாத அந்த இடத்தில், அவளுடைய சொந்த உறுதிமொழியும் வருகிறது. அது என்னவென்று எனக்கு நன்றாகவே தெரியும். தட்டினால் ஒரு வரி. ஆனால் அந்த வரியை நான் தட்டிவிட்டால், ஒருவர் சொல்லாததை அச்சில் சொல்ல வைக்கும் வேலையை நானும் செய்தவனாவேன். ஊரில் அதற்கு ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கிறாள்.

ஆகவே முடிக்கவில்லை. என் புத்தாண்டு உறுதிமொழி பிப்ரவரியிலேயே உடைந்தது. அரைப் பக்கம் கேட்டார்கள். நாலு பக்கம் ஆகிவிட்டது. அப்படியும் அடியில் இரண்டு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் இதை அச்சில் படிப்பதற்கு முன் இது அவள் கைக்குத்தான் போகும். அவள் நிரப்பினால் சரி. காலியாக இருந்தால், வாசகரே, உங்களிடம் பேனா இருக்கும், உங்களுக்கும் பேசாத ஓர் ஆள் இருப்பார், நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

உறுப்பினர் 17, மருந்துக்கடைக்காரர். திருத்தம்: ……………………

உறுப்பினர் 22, ஆசிரியர். உறுதிமொழி: ……………………

[இரண்டுக்கும் இங்கே இடம் போதவில்லை. எதிர்க் கடைதானே, நேரில் போய்ச் சொல்லிக்கொள்கிறேன். – ஆசிரியர்]