நூல் சொன்ன நீளம்

ஒரு சனிக்கிழமை காலை, மணி பத்து. அவன் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கான், பக்கத்துல டீ ஆடை கட்டிப்போய்க் கெடக்கு. அவன் மென்பொருள்ல இன்னும் சரிபண்ணாத கோளாறு, அதான் பக், ஆயிரத்து நூத்தி ஆறு. நேத்தும் ஆயிரத்து நூத்தி ஆறுதான்.

அவன் பாத்துக்கறது ஒரு கணக்கு மென்பொருள். யார் வேணா எடுத்துக்கலாம், யார் வேணா திருத்தலாம். வெறும் நம்பர் இல்ல, எக்ஸ், ஒய்யை எழுத்தாவே வச்சு சமன்பாட்டைச் சுருக்கும், வளைவோட நீளம் சொல்லும். ஒரு காலத்துல எட்டுப் பேர் பாத்துக்கிட்டாங்க. ஒருத்தருக்குக் கொழந்த பொறந்துச்சு, ஒருத்தருக்கு முதுகுவலி, மத்தவங்க சொல்லாமலே கழண்டுக்கிட்டாங்க. மூணு வருஷமா இவன் ஒத்த ஆளு. மொதல்லல்லாம் யாராச்சும் திட்டி எழுதினா சோறு எறங்காது. இப்போ பஸ் நம்பர் படிக்கற மாதிரி படிச்சுட்டுப் போயிடறான்.

அன்னைக்கு வந்த புகார்ல ஒரு போட்டோ இருந்துச்சு. தரையில ஒரு இதய வடிவ தகரம், அதைச் சுத்தி ஒரு நூல், பக்கத்துல டேப்பு. எழுதினது ஒரு பெயர்ப்பலகைக் கடையில வேலை பாக்கற அம்மா. ஓரத்துல முக்கால் சுத்துக்கு லைட்டுப் பட்டை ஓடணுமாம். அவங்க வரையற மென்பொருளுக்குள்ள இவனோட மென்பொருள்தான் உக்காந்திருக்கு. அது ரெண்டு மீட்டர் எம்பத்தி மூணுன்னு சொல்லிச்சு. நூல் அஞ்சு பதினேழுன்னு சொல்லிச்சு. மொதலாளி நூலைத் தூக்கிப் போடச் சொல்லிட்டாரு. வெட்டி வந்த பட்டை பாதி தூரத்துல நிக்குது. ஒட்டுப் போட முடியாத பட்டை.

கீழ ஒரு போன் நம்பர். கூப்பிட்டான். அந்த அம்மாதான் எடுத்தாங்க.

"'நீதான் தப்பா டைப் பண்ணிருப்பே'ங்கறாரு மொதலாளி, சார். பன்னெண்டு மணிக்கு வருவாரு. உன் தப்புன்னா திங்கக்கெழமைலேருந்து வராதேன்னுட்டாரு. நான் சரியாத்தான் போட்டேன். அதை மட்டும் யாராச்சும் எழுதிக் குடுத்தாப் போதும்."

"பாத்துட்டுச் சொல்றேங்க."

"பன்னெண்டுக்குள்ள சார்."

அவங்க போட்ட அதே வரியைப் போட்டான். ரெண்டு எம்பத்தி மூணு. டைப்பிங் தப்பு இல்ல.

ஒரு மணி நேரம் நோண்டினதுல தப்பு மாட்டிக்கிச்சு. மைனஸ் மூணை வர்க்கம் பண்ணி மூலம் எடுத்தா மூணு வரணும். இவன் மென்பொருள் மைனஸ் மூணையே திருப்பிக் குடுக்குது. இதயத்தோட நடுப் பள்ளம் வரைக்கும் நாலு மீட்டர், அது சரி. பள்ளத்தைத் தாண்டினதும் குறி மாறிடுது. ஒண்ணு பதினேழைக் கூட்டாம கழிச்சிருக்கு. திருத்தம் ரெண்டே வரி. போட்டான். அஞ்சு பதினேழு. நூலும் அதுவும் அச்சு அசல்.

மாத்தினதுல வேற எதுவும் கெடலையான்னு பாக்கற டெஸ்டையெல்லாம் ஓட்டினான். ஒண்ணு மட்டும் செவப்பு, தேறல.

அந்த டெஸ்ட் இதே வளைவுதான். விடை ரெண்டு எம்பத்தி மூணா இருக்கணும்னு நிக்குது. எழுதினது யாருன்னு பாத்தான். இவனே. ஏழு வருஷம் முன்னாடி, ஒரே நாள்ல எரநூறு டெஸ்ட் எழுதின ஜோர்ல. விடையை வேற வழியில கண்டுபிடிச்சு எழுதணும்ங்கறது அந்த எட்டுப் பேர் வச்ச சட்டம். இவன் மென்பொருளையே கேட்டு, அது சொன்னதை அப்படியே ஒட்டி, பக்கத்துல "சரிபார்த்தது"ன்னு போட்டிருக்கான். திருடன்கிட்டயே கேட்டு வாக்குமூலம் எழுதின கதை.

அதோட போச்சா. ரெண்டு வருஷம் முன்னாடி யாரோ ஒருத்தர் இதே ரெண்டு வரித் திருத்தத்தை அனுப்பிருக்காரு. கீழ இவன் பதில்: "உங்கள் மாற்றம் ஒரு டெஸ்டை உடைக்கிறது. மூடுகிறேன். நன்றி." அந்த ஆளு அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரல.

இதுவும் பஸ் நம்பர் மாதிரிதான் இருந்துச்சு. திரையைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தான்.

அக்கா உள்ள வந்தா. பல் ஆஸ்பத்திரில வேலை, சனிக்கிழமை மத்தியானம் போனாப் போதும்.

"என்னடா, சொவத்தைப் பாக்கற மாதிரி பாக்கறே?"

"ஒரு தப்பு. என்னுது. ஒரு அம்மாவுக்கு வேலை போயிடும் போல."

"அதை இப்படியா சொல்லுவே, உப்பு இல்லேங்கற மாதிரி?"

"ஒண்ணும் தோணலக்கா."

அக்கா டீயை எடுத்துப் பாத்துட்டு மொகத்தைச் சுளிச்சா. "எங்ககிட்ட வர்றவங்களுக்கு ஊசி போட்டாத்தான் மரத்துப் போகும். நீ சும்மாவே மரத்துட்டே. அவங்களுக்கும் ஒதடு ரெண்டு மணி நேரம் தன்னோடது மாதிரியே இருக்காது. ஆனா டாக்டர் 'வாயைத் தொற'ன்னா தொறப்பாங்க. தோணுதா இல்லையான்னு யாரு கேட்டா? எழுதித் தொலை."

மணி பதினொண்ணே முக்கால். எழுதினான். அவங்க டைப் பண்ணினது சரி, மென்பொருள் தப்பு, அதைக் காப்பாத்தின டெஸ்ட் என் கையால ஒட்டினது, திருத்தி அனுப்பினவரையும் நான்தான் திருப்பி அனுப்பினேன். எல்லாரும் படிக்கற பக்கத்துலயே போட்டான். பழைய திருத்தத்தைத் திரும்பத் தொறந்து, அந்த ஆளு பேர்லயே சேத்தான். டெஸ்ட்ல விடையை மாத்தினான். "சரிபார்த்தது"ன்னு இருந்ததை அழிச்சுட்டு, "நூலால் அளந்தது, பெயர்ப்பலகைக் கடை"ன்னு போட்டான்.

எல்லாம் பச்சை. பக் ஆயிரத்து நூத்தி அஞ்சு. ரெண்டு நிமிஷத்துல வேற யாரோ ஒண்ணைப் போட்டாங்க. ஆயிரத்து நூத்தி ஆறு.

பன்னெண்டே காலுக்கு போன்.

"படிச்சாரு சார். ரெண்டு தடவ படிச்சாரு. மன்னிப்பெல்லாம் இல்ல, புதுப் பட்டைக்கு அளவு சொல்லுன்னாரு. திங்கக்கெழமை வரேன்ல, அது போதும்."

"சரிங்க."

"ஒண்ணு கேக்கணும். இந்த நூலு இன்னும் மேசை மேல கெடக்கு. தூக்கிப் போட்டுரவா?"

அவன் டெஸ்ட் பட்டியலைத் தொறந்தான். மிச்சம் நூத்தித் தொண்ணூத்தொம்பது டெஸ்ட் இருக்கு, அதே நாள்ல, அதே மாதிரி ஒட்டினது.

"வேணாங்க"ன்னான். "வச்சிருங்க. நான் இன்னும் சில வளைவு அனுப்பறேன்."